தேநீர்ச் சடங்குக்குக் கிமோனோ: திருகோணமலை வெக்கையில் உடுத்தும் முறை

ஜப்பானின் மரபு உடையான கிமோனோவில் ஊசியும் இல்லை, பொத்தானும் இல்லை. எல்லாம் நாடாக் கட்டுத்தான். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, எழும்பி, மறுபடி உட்கார வேண்டும். ஆகவே கண்ணாடி முன் நிற்கும்போது சரியாக இருந்தால் மட்டும் காணாது.

ஜப்பானில் ஒக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்த கிமோனோ, ஜூனிலும் செப்டெம்பரிலும் ஒற்றைத் துணி, ஜூலை, ஓகஸ்டில் சல்லடைபோன்ற ‘ரோ’ என்பது வழக்கம். இங்கே மார்கழியிலும் ஒற்றைத் துணியே போதும். பொலியெஸ்டரை வீட்டில் கழுவலாம், ஆனால் உள்ளே புழுங்கும். உள்ளாடையாவது பருத்தியாக இருக்கட்டும். யுகாதா எனும் சாதாரண கோடைப் பருத்தி உடை சடங்குக்கு ஆகாது. பூவேலை இல்லாத ஒற்றை நிறமே பொருத்தம்.

தாபி எனும் வெள்ளைக் காலுறையை முதலில் போடுங்கள். ஓபி எனும் அகலமான இடுப்புப் பட்டியைக் கட்டிய பிறகு குனிய முடியாது. உள்ளாடைக்கு மேல் இடுப்பில் மெல்லிய துவாய் ஒன்றைச் சுற்றினால் உடம்பு நேராகும், வியர்வையையும் அது குடிக்கும். அடுத்து, கிமோனோவுக்கு உள்ளே போடும் நீள அங்கியான நாகஜூபான்: பின்கழுத்துக்கும் கொலருக்கும் நடுவே ஒரு கைமுட்டி அளவு இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

இனித்தான் கிமோனோ. கீழ்விளிம்பைக் கணுக்கால் வரை தூக்குங்கள். வலப்பக்கத்தை உள்ளே சுற்றி, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். மாற்றிச் சுற்றுவது இறந்தவருக்கு; இதில் மட்டும் பிழை விடவே கூடாது. மேல்மடிப்பின் ஓரம் வலது இடுப்புப் பக்கம்வரை வரட்டும். உள்மூலையைச் சற்று உயர்த்தி, இடுப்பெலும்புக்கு மேலே கொஷிஹிமோ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இறுக்கம் வேண்டியது இந்த ஒரு கட்டுக்குத்தான். இது தளர்ந்தால் இரண்டாம் முறை உட்காரும்போதே முன்பக்கம் விரியும். நெஞ்சு நாடாவை இறுக்கினாலோ வெக்கையில் மூச்சு முட்டும், தலை சுற்றும்.

மிஞ்சிய நீளத்தை அக்குள் திறப்புக்குள் கைவிட்டு இழுத்து நீவுங்கள். ஓபிக்குக் கீழே ஆறேழு சென்ரிமீற்றர் மடிப்புத் தெரிந்தால் சரி. ஓபியைத் தட்டையான ‘தைகோ’ முடிச்சாகவே கட்டுங்கள். ஆண்களுக்கு இந்த மடிப்பு வேலை இல்லை. ஓபி இடுப்பெலும்பில் தாழ்வாக வரும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றுங்கள். கிண்ணத்தில் கீறல் விழும். தாலிக்கொடியைக் கொலருக்குள் விடலாம். வாசனைத் திரவியமும் மல்லிகைச் சரமும் தேநீர் மணத்தைக் கெடுக்கும். விசேஷத்துக்குப் பூ இல்லாமலா என்று வீட்டில் கேட்பார்கள்தான்! உட்காரும்போது முன்மடிப்பை வலக்கையால் சற்றுத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே நீவிவிட்டு இறங்குங்கள்.

கழற்றியதும் உடனே மடிக்க வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஓரிரவு தொங்கட்டும். பட்டு என்றால் வாடைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் சிலிக்கா ஜெல் வையுங்கள். சூடத்தையும் நப்தலீன் உருண்டையையும் சேர்த்து வைத்தால் இரண்டும் உருகித் துணியில் கறை விடும்.