பனியன் கம்பெனி சர்வரை கிளவுடுக்கு மாற்றப்போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி: அக்கவுண்ட்ஸ் ரூம் மூலையில் ஒரு சர்வர், அதன்மேல் பஞ்சுத் தூசி, பக்கத்தில் பேட்டரி வீங்கிய யுபிஎஸ். முதலாளி "இதை கிளவுடுக்குத் தூக்கிடுங்க" என்பார்; அதாவது, இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு. தூக்குவது சனி, ஞாயிறு வேலை. திட்டம் போடத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

1. கணக்கெடுப்பு

ஐடி ஆள் தரும் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். நோட்டோடு ஒவ்வொரு டேபிளுக்கும் போய், தினமும் எதைத் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் போன ஒரு இடத்தில் பட்டியலில் இருந்தவை கணக்கு எழுதும் டேலி, ஆர்டர் முதல் ஸ்டாக் வரை பார்க்கும் இஆர்பி, சம்பள சாஃப்ட்வேர், அவ்வளவுதான். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசிங்கில் இருந்த அக்கா, "அந்த எக்செல் இல்லாம பேக்கிங் லிஸ்ட்டே வராதுங்ண்ணா" என்றார். ஷேர் ஃபோல்டரில் கிடந்த அந்த ஃபைலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெர்ஷன், எத்தனை ஜிபி, யார் பயன்படுத்துகிறார்கள், வேறு எதோடு இணைந்திருக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். கைரேகை மெஷின் பழைய சர்வரின் ஐபி முகவரிக்கே வருகைப்பதிவை அனுப்பிக்கொண்டிருந்தால், சனிக்கிழமை வாரச் சம்பளப் பட்டியல் காலியாக வரும்.

2. பிரிப்பது

மெயிலையும் ஃபைல்களையும் மாதச் சந்தா சேவைக்கு மாற்றிவிடலாம். இஆர்பியை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டரில், ஏற்றலாம். டேலிதான் தொல்லை. டேட்டா கிளவுடில், சாஃப்ட்வேர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்று வைத்தால் ஆமை வேகம்தான். இரண்டையும் ஒரே கிளவுட் சர்வரில் வைத்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (அந்த சர்வரின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் வசதி) திறக்க வேண்டும். அதற்காக, ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரர்கள் தேடி வருகிற கதவு அது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் விடுங்கள்.

கட்டிங் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

3. இடம்

கிளவுட் சேவை தரும் அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் டேட்டா சென்டர்கள் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும் என்பது 2022 முதல் விதி.

4. இன்டர்நெட் லைன்

500 ஜிபி டேட்டாவை 50 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப, லைன் முழு வேகத்தில் ஓடினாலே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் இழுக்கும். அதனால் பழைய டேட்டாவை முந்தைய வாரமே ராத்திரிகளில் அனுப்பிவிட்டு, கடைசி நாளில் மாறியதை மட்டும் அனுப்புங்கள். வேறு கம்பெனியின் இன்னொரு லைனும் கட்டாயம்.

5. நாள் குறிப்பது

ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம். தீபாவளி போனஸ் நேரம் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா ஆனதும் தொடங்கினால் ஞாயிறு முழுக்க கையில் இருக்கும். அதற்கு முன் ஒருமுறையாவது பேக்கப்பை கிளவுடில் ரீஸ்டோர் செய்து, போன மாத டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பின்வாங்குவதற்கு ஒரு நேரத்தை எழுதி வையுங்கள். திங்கள் காலை 6 மணிக்குள் சாயம் போட டையிங்குக்குப் போகும் துணிக்கான டிசி (டெலிவரி சலான்) ஒன்றைப் போட்டு பிரிண்ட் எடுக்க முடியவில்லை என்றால், அன்றைக்குப் பழைய சர்வர்தான். அதைச் சொல்லப்போவது யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.