நற்கருணை பக்தியை வளர்க்கப் போய் பங்குகளில் நாம் செய்கிற தவறுகள்

பங்குப் பேரவையில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கரின் ஆலோசனைக் கூட்டத்தில், யாராவது ஒருவர் "நற்கருணை பக்தி குறைஞ்சு போச்சு" என்று ஆரம்பித்தால் போதும், மூன்று நாள் தியானம், வெளியூர்ப் போதகர், ஃப்ளெக்ஸ், ஒலிபெருக்கி என்று அடுத்த நிமிடமே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். கூட்டமும் வரும். நான்காம் நாள் காலைப் பூசைக்கு வழக்கமாக வருகிற அதே பத்துப் பன்னிரண்டு பாட்டிகள்தான்.

தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கதிர்ப்பாத்திரத்தில் (நற்கருணையை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் பாத்திரம்) நாம் வைத்து வணங்குவது திருப்பலியில், அதாவது பூசையில், கிடைத்த நற்கருணையைத்தான், கிறிஸ்துவின் உடலாக மாறிய அப்பத்தைத்தான். ஞாயிறு பூசையில் வாசகம் காதில் விழாமல், கடைசி ஆசீருக்கு முன்பே பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும் பங்கில், நற்கருணையை வைத்து வணங்கும் ஆராதனையை மட்டும் பிரமாண்டமாக நடத்தி என்ன பயன்? கிறிஸ்தவ வாழ்வு முழுமைக்கும் ஊற்றும் உச்சியும் என்று 1964-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது நற்கருணைப் பலியைத்தான்.

அப்புறம், சத்தம். இதுதான் எனக்குப் பெரிய குறை. ஆராதனை என்று ஒரு மணி நேரம் ஒதுக்குவோம், ஆனால் அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) பத்து நிமிடம் என்று பிரித்துக் கொடுத்து, ஒரு குழு மைக்கை வைப்பதற்குள் அடுத்த குழு எடுத்துவிடும், நடுவில் பாடகர் குழு, அதற்குள் கீபோர்டுக்காரர் சுருதி பார்ப்பார். யாரும் ஒரு நிமிடம் சும்மா இருந்து ஆண்டவரைப் பார்க்க முடியாது. மௌனம் வந்தால் ஏற்பாட்டாளர்களுக்குப் பதற்றம், நிகழ்ச்சியில் ஓட்டை விழுந்ததுபோல! ஒரு வாசகம், ஒரு பாட்டு, பிறகு கால் மணி நேரம் மைக்கை அணைத்துவிடுங்கள். முதல் மாதம் இருமலும் செல்போன் சத்தமும்தான் கேட்கும். போகப்போகப் பழகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளி பூசை முடிந்த கையோடு, ஆசீர் கொடுப்பதற்காக மட்டும் நற்கருணையை எடுத்து வைத்து, சாம்பிராணி போட்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவது. 1973-இல் ரோம் வெளியிட்ட சடங்குமுறை இதைத் தெளிவாகவே தடுக்கிறது. ஆசீருக்கு முன் இறைவார்த்தைக்கும் செபத்துக்கும் மௌனத்துக்கும் நேரம் இருக்க வேண்டும்.

நற்கருணையைக் கையில் வாங்குவதா நாவில் வாங்குவதா என்ற சண்டையை விட்டுவிடலாம், நம் நாட்டில் இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது. பூசைக்கு முன் டீக்கடையில் நிற்பவர்களிடம் நற்கருணை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசத்தைப் பற்றி அன்பாகச் சொன்னால் அது உபயோகம்.

பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு கவுன், கிரீடம், ஆல்பம், பிரியாணி எல்லாம் தயார். பிள்ளைக்குச் செபங்களும் மனப்பாடம். ஆனால் நற்கருணை வைத்திருக்கும் பேழை முன் ஏன் முழந்தாளிடுகிறோம் என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும். மறைக்கல்வி வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளைப் பேழை முன் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். பெற்றோரும் கூட வந்தால் நல்லது.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, தவக்காலத்தில் மட்டும் சாமியார் கிடைத்தால் நற்கருணை வாங்குவதும் வெறும் பழக்கமாகிவிடும். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிறேன் என்று பங்குத்தந்தை ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, பூட்டு. தினமும் சில மணி நேரமாவது கோயில் திறந்திருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 937. உண்டியல் திருட்டுப் பயம் நியாயம்தான். பக்கக் கதவை மட்டும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்து வைத்து, அன்பியத்துக்கு ஒரு நாள் என்று இரண்டு பேரைப் போடுங்கள். காவலுக்கு வந்தவர்கள் எப்படியும் உள்ளேதானே உட்கார்ந்திருக்க வேண்டும்.