கம்பைலரின் எல்எல்விஎம் பேக்எண்டைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது எப்படி

சொந்தமாக ஒரு கணினி மொழியை உருவாக்கும் சிறு குழு, அதன் கம்பைலரில் (மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் மென்பொருளில்), மூலநிரலைப் படித்து வகைகளைச் சரிபார்க்கும் முன்பகுதியைத் தானே எழுதிக்கொண்டு, இயந்திர நிரலை உருவாக்கும் பின்பகுதியை (பேக்எண்ட்) எல்எல்விஎம் என்ற திறந்தமூலக் கம்பைலர் திட்டத்திடம் ஒப்படைத்துவிடுவது இன்று பரவலான வழக்கம். 2000ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கிய அந்தத் திட்டம், இப்போது ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளை, ஏறத்தாழ மார்ச்சிலும் செப்டம்பரிலும், வெளியிடுகிறது. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி போன்ற, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றும் செயலிகளில் தங்கள் மொழியை ஓடவைக்க நினைக்கும் சென்னைக் குழுக்கள் இந்த ஓட்டத்தில் பின்தங்கவே கூடாது. ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்ட் சோதனை நிலையைக் கடந்ததே 2019இல் வந்த எல்எல்விஎம் 9இல்தான். அதற்குப் பிந்தைய பதிப்புகளில் நடந்த வேலையெல்லாம் பழைய பதிப்பில் தங்கிவிட்டவர்களுக்குக் கிடைக்காது.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பில்ட், அதாவது மூலநிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலை, உடைவதைக் கண்டு அஞ்சுகிறார்கள். உடைந்த பில்ட் எந்தக் கோப்பில், எந்த வரியில் கோளாறு என்று தானே சொல்லிவிடும். பில்ட் ஒழுங்காக முடிந்து, சோதனைகளிலும் தேறிவிட்டு, நேற்று தந்த விடையை இன்று தராமல் போகும் நிரலுக்குத்தான் அஞ்ச வேண்டும். கீழே நான் சொல்லும் வரிசை அந்த வகைப் பிழையை முன்கூட்டியே வெளியே இழுப்பதற்காக அமைந்தது.

முதல் விதி, ஒரு நேரத்தில் ஒரு பெரிய பதிப்பு மட்டுமே ஏறுங்கள். 14இலிருந்து 18க்கு ஒரே தாவலில் போனால், ஒரு சோதனை தோற்கும்போது அதற்கு நான்கு பதிப்புகளின் மாற்றங்களில் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. இடைப்பட்ட பதிப்புகளை உங்கள் பயனர்களுக்கு வெளியிட வேண்டியதில்லை. அவற்றில் நின்று எல்லாச் சோதனைகளையும் ஓட்டிவிட்டு நகர்ந்தால் போதும்.

வேலையைத் தொடங்கும் காலமும் முக்கியம். புதிய பதிப்புக்கான தனிக் கிளை (பிராஞ்ச்), ஜனவரியிலும் ஜூலையிலும் பிரிக்கப்படுகிறது. அதன்பின் முன்னோட்டப் பதிப்புகள் வரத் தொடங்கும். அப்போதே உங்கள் கம்பைலரை அதன்மீது ஓட்டிப் பார்த்து, கண்ட பிழைகளை எல்எல்விஎம் குழுவிடம் தெரிவித்தால், இறுதிப் பதிப்புக்கு முன்பே அவை திருத்தப்பட வாய்ப்பு உண்டு.

எல்எல்விஎம்மின் மூலத்தில் உங்கள் குழு சொந்த பேட்சுகளை (சிறு திருத்தங்களை) வைத்திருந்தால், முதலில் அவற்றைக் கணக்கெடுங்கள். ஒவ்வொன்றும் தனி கமிட்டாக (பதிவுசெய்த ஒரு மாற்றமாக) இருக்க வேண்டும்; எதற்காகப் போடப்பட்டது, மூலத் திட்டமான எல்எல்விஎம்முக்கு அனுப்பப்பட்டதா, எந்தச் சோதனை தோற்றதால் தேவைப்பட்டது என்ற விவரங்கள் கமிட் செய்தியிலேயே இருக்க வேண்டும். புதிய பிராஞ்சின்மீது அவற்றை ரீபேஸ் செய்யும்போது, அதாவது மீண்டும் அடுக்கிப் பொருத்தும்போது, மூலத் திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவற்றைக் கைவிடுங்கள். காரணம் எழுதப்படாத பேட்ச் ஒன்று அகப்பட்டால், அதை நீக்கிவிட்டுச் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். ஏன் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத பேட்சைப் பதிப்புக்குப் பதிப்பு சுமந்துகொண்டு போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, பழைய பதிப்பின் நடத்தையைப் பதிவுசெய்து வையுங்கள். தேர்ந்தெடுத்த சில மாதிரி நிரல்களுக்குப் பழைய கம்பைலர் தரும் ஐஆர் (எல்எல்விஎம்மின் இடைநிலை நிரல் வடிவம்), அசெம்பிளி, இயங்கும் நேரம், கம்பைல் ஆகும் நேரம், இறுதிக் கோப்பின் அளவு ஆகியவற்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். பழையது, புதியது இரண்டையும் அசெர்ஷன்கள் (நிரலுக்குள் எழுதிய உட்சோதனைகள்) இயங்கும் வகையில் பில்ட் செய்வது கட்டாயம். அசெர்ஷன் இல்லாத பில்டில் தவறான ஐஆர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அசெர்ஷன் உள்ள பில்ட் அதை வாசலிலேயே நிறுத்திவிடும்.

எல்எல்விஎம்மின் முழு பில்ட் நினைவகத்தை விழுங்கக்கூடியது, குறிப்பாகத் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில். அதற்காகவே உள்ள அமைப்பைக் கொண்டு ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் வேலைகளை ஒன்றிரண்டாகக் குறைத்து, எல்எல்டி லிங்க்கரைப் பயன்படுத்தி, உங்களுக்குத் தேவையான செயலி இலக்குகளை மட்டும் பில்ட் செய்யுங்கள். பில்ட் இயந்திரம் அலுவலகத்திலோ வீட்டிலோ இருந்தால், உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் முழு பில்டைத் தொடங்காதீர்கள்.

இனி நிரலைத் திருத்தும் கட்டம். எல்எல்விஎம்மின் சி பிளஸ் பிளஸ் இடைமுகத்துக்கு நிலைத்தன்மை பற்றிய உறுதிமொழி எதுவும் கிடையாது. ஹெடர்கள் இடம் மாறும், வகைகள் மறையும். சி இடைமுகம் இயன்றவரை காக்கப்படுகிறது, அதிலும் நீக்கங்கள் உண்டு. ஆகவே வெளியீட்டுக் குறிப்புகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒருசேர பில்ட் ஆகக்கூடிய திருத்தங்களை, பழைய பதிப்பின்மீதே செய்து, சோதித்து, முதன்மை பிராஞ்சில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் பதிப்பு எண்ணை மாற்றும் கமிட் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

வகையற்ற பாயிண்டர்களுக்கு மாறிய கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பு ஐஆரில் ஒவ்வொரு பாயிண்டரும் (நினைவக முகவரியும்) தான் சுட்டும் தரவின் வகையைத் தன்னோடு வைத்திருந்தது. எல்எல்விஎம் 15இல் வகையற்ற பாயிண்டர் இயல்பான அமைப்பாகி, 17இல் பழைய முறை முற்றிலும் நீக்கப்பட்டது. நினைவகத்திலிருந்து படிக்கும்போது எந்த வகையைப் படிக்கிறோம் என்பதை முன்பகுதியே சொல்ல வேண்டியதாயிற்று. சி இடைமுகத்தில் வகையைக் கேட்டுப் பெறும் புதிய செயற்கூறுகள், பெயரின் இறுதியில் 2 என்ற எண்ணோடு, இந்த மாற்றத்துக்குப் பல பதிப்புகள் முன்பே வந்துவிட்டன. அவற்றுக்கு முன்கூட்டியே மாறியிருந்த குழுக்களுக்கு 15 ஓர் எளிய படி. இந்த மாற்றத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. 32 பிட் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து 64 பிட் எண்ணைப் படிக்கும் தவறான ஐஆரை, வகையுள்ள பாயிண்டர் காலத்தில் சரிபார்ப்பி உடனே பிடித்துவிடும். இப்போது அதே ஐஆர் முறையானதாக ஏற்கப்படும். அந்தச் சரிபார்ப்பை இனி உங்கள் முன்பகுதியே செய்ய வேண்டும். படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரு வகைகளும் ஒன்றா என்று ஓர் அசெர்ஷன் எழுதிவையுங்கள்.

செயற்கூறுகளுக்கு இடும் பண்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். நினைவகத்தை ஒரு செயற்கூறு எப்படித் தொடும் என்று சொல்லும் பல பழைய பண்புகள் எல்எல்விஎம் 16இல் ஒரே மெமரி பண்பாக ஒன்றிணைந்தன. பண்பைப் பெயரால் தேடும் சி செயற்கூறு, பெயர் கிடைக்காவிட்டால் பிழை எழுப்பாமல் சுழியத்தைத் திருப்பித் தருகிறது. அந்தச் சுழியத்தைச் சோதித்து, கிடைத்த இடத்திலேயே கம்பைலரை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது தரவு அமைப்புச் சரத்தை (டேட்டா லேஅவுட்) பற்றித்தான். எந்த வகைக்கு எவ்வளவு இடம், எத்தனை பைட் எல்லையில் அது தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும் சிறு சரம் அது. எக்ஸ்86-64 செயலியில் 128 பிட் முழு எண் 16 பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்று லினக்ஸ் பின்பற்றும் ஏபிஐ (கம்பைல் செய்த நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான விதித்தொகுப்பு) சொல்கிறது. எல்எல்விஎம் நெடுங்காலம் அதை 8 பைட் எல்லையில் வைத்திருந்து, 18ஆம் பதிப்பில் திருத்தியது. ஒரு ஸ்ட்ரக்டில் (பல தரவுகளை அடுக்கிய தொகுப்பில்) முதலில் 64 பிட் எண்ணும் அடுத்து 128 பிட் எண்ணும் இருப்பதாகக் கொள்வோம். பழைய கணக்கில் இரண்டாவது உறுப்பு 8ஆம் பைட்டில் தொடங்கும், மொத்த அளவு 24. புதிய கணக்கில் அது 16ஆம் பைட்டில் தொடங்கும், மொத்த அளவு 32. உங்கள் முன்பகுதி அளவுகளைச் சொந்த அட்டவணையிலிருந்து எடுத்து 24 பைட் ஒதுக்க, எல்எல்விஎம் 16ஆம் பைட்டிலிருந்து 16 பைட் எழுதினால், அடுத்த பொருளின் முதல் 8 பைட் அழிந்துபோகும். கம்பைலரிடமிருந்து எந்த எச்சரிக்கையும் வராது. ரஸ்ட் மொழியின் குழுவும் இந்த மாற்றத்தைக் கவனமாகத் திட்டமிட்டே தன் கம்பைலரில் ஏற்றது.

இதற்குக் காப்பு இரண்டு. சரத்தைக் கையால் எழுதிவைக்காமல், இலக்கு இயந்திரப் பொருளிடமே கேட்டுப் பெறுங்கள். சொந்த அட்டவணை தவிர்க்க முடியாததென்றால், கம்பைலர் தொடங்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டு, மாறுபட்டால் வெளியேறிவிடுங்கள். அதோடு, பல வடிவ ஸ்ட்ரக்டுகளைப் பெற்றுத் திருப்பித் தரும் சிறு சி நிரல் ஒன்றை எழுதி, அதை ஜிசிசி, கிளாங் ஆகிய இரு சி கம்பைலர்களாலும் கம்பைல் செய்து, உங்கள் மொழி நிரலோடு இணைத்து, ஒவ்வொரு உறுப்பின் இடத்தையும் மதிப்பையும் ஒத்துப்பாருங்கள். பழைய பதிப்பில் கம்பைல் செய்த நூலகங்கள் கேஷில் தங்கியிருந்தால் அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக பில்ட் செய்யுங்கள்.

சோதனைகள் தோற்கும்போது அவற்றை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். அசெம்பிளியிலோ ஐஆரிலோ எதிர்பார்த்த வரி மாறியதால் தோற்பவை ஒரு குவியல். நிரலின் விடையே மாறியவை இன்னொன்று. முதல் குவியலில் எதிர்பார்ப்பை மாற்றி எழுதுவதற்குமுன், புதிய வரிகளைக் கண்ணால் படித்து அவையும் சரியே என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கருவியை விட்டு எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மாற்றி எழுதிக்கொண்டால் சோதனை வைத்திருப்பதற்கே பொருளில்லை.

இரண்டாம் குவியலுக்கு எல்எல்விஎம்மிலேயே கருவிகள் உள்ளன. முதலில் ஆப்டிமைசேஷனை (நிரலை வேகமாக்கும் மாற்றங்களை) நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் விடை தவறினால், உங்கள் ஐஆரையோ ஏபிஐயையோ சந்தேகியுங்கள். சரியாகிவிட்டால், ஆப்ட் பைசெக்ட் லிமிட் என்ற அமைப்பைக் கொண்டு, எத்தனையாவது பாஸ் (ஆப்டிமைசேஷன் படி) வரை விடை சரியாக இருக்கிறது என்று பாதி பாதியாகக் குறைத்துத் தேடுங்கள். குற்றவாளிப் பாஸ் தெரிந்தபின், எல்எல்விஎம் ரெட்யூஸ் கருவியால் ஐஆரைச் சில வரிகளாகச் சுருக்குங்கள். எந்த கமிட்டில் கோளாறு வந்தது என்று கிட் பைசெக்ட் காட்டும்.

சுருக்கிய ஐஆரை எல்எல்விஎம்மின் மொழிக் கையேட்டோடு வைத்துப் படித்தால், பெரும்பாலும் உங்கள் முன்பகுதி சொன்ன ஒரு பொய் தென்படும்: விடை ஒதுக்கிய பிட்டுகளில் அடங்காமல் வழியும் வாய்ப்புள்ள கூட்டலுக்கு வழியாது என்ற குறி, ஒன்றன்மேல் ஒன்று படியும் பாயிண்டர்களுக்குப் படியாது என்ற குறி. பழைய பதிப்பு அந்தக் குறியைப் பயன்படுத்தவில்லை, புதியது பயன்படுத்திவிட்டது. ஆனால் எப்போதும் தவறு உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ரஸ்ட் தன் மாற்றத்தக்க ரெஃபரன்ஸ்களுக்கு, படியாது என்று சொல்லும் நோஅலையாஸ் பண்பைத் தாராளமாக இட்டது. சி நிரல்களில் அரிதாகவே வரும் பண்பு என்பதால் எல்எல்விஎம்மில் உறங்கிக் கிடந்த பிழைகள் அதனால் வெளிவந்தன. பண்பை நிறுத்துவதும் மீண்டும் இடுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்து, 2021இல் வெளியான ரஸ்ட் 1.54இல், எல்எல்விஎம் 12இன்மீதுதான் அது மீண்டும் இயக்கப்பட்டது. உங்கள் மொழியும் இப்படி யாரும் நடக்காத பாதையில் நடக்கலாம். அத்தகைய பிழையைச் சுருக்கிய ஐஆரோடு மூலத் திட்டத்தில் பதிவுசெய்யுங்கள்.

எல்லாம் தேறியபின், உங்கள் வெளியீட்டுக்குச் சற்று முன்பாகப் பதிப்பை மாற்றாமல், முந்தைய வெளியீடு முடிந்த கையோடு மாற்றிவிடுங்கள். பயனர்களின் பெரிய நிரல்கள் அதன்மீது ஓடிப் பார்க்க முழுச் சுற்றும் கிடைக்கும். இறுதிப் பதிப்பைத் தொடர்ந்து வரும் சிறு திருத்தப் பதிப்புகளையும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் பில்ட் செய்த கம்பைலரை அடுத்த மாற்றம் வரைக்குமாவது அழிக்காமல் வைத்திருங்கள்; தாமதமாக வரும் ஒரு புகாரைப் புதிய பேக்எண்டின் வேலையா இல்லையா என்று பிரித்தறிய அது தேவைப்படும்.