ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று சேவல்களை வளர்ப்பது எப்படி?

அடைவைத்த முட்டைகளில் பொரிவது ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். குஞ்சாக இருக்கும்வரை எல்லாம் ஒன்றாக மேயும். நாலைந்து மாதமாகி, கொண்டை சிவந்து கூவ ஆரம்பித்ததும் ஒன்றையொன்று முறைக்கும். "ஒரு கூட்டத்துக்கு ஒரு சேவல்தான்" என்று பலரும் அப்போது முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு மூன்று சேவல்கள் வருஷக்கணக்கில் ஒன்றாக வாழும். அதற்கான ஏற்பாடுகளைச் செய்யும்போது ஜெயிக்கிற சேவலை விட்டுவிட்டுத் தோற்கிற சேவலை மனதில் வையுங்கள். அது ஓட வழி, ஒளிய மறைவு, பயமில்லாமல் தின்ன ஒரு தட்டு. பிரச்சினையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: பெட்டைகளை எண்ணுங்கள்

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேவல் வேண்டுமானால் 16 பெட்டையாவது இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் முதலில் அடிபடுவது பெட்டைகள்தான். திரும்பத் திரும்ப மிதிபட்டு முதுகிலும் பிடரியிலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும். ஆறேழு பெட்டைதான் இருக்கிறது என்றால் ஒரு சேவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: சேர்ந்து வளர்ந்த சேவல்களாக இருக்கட்டும்

ஒரே அடையில் பொரித்த அண்ணன் தம்பிகள்தான் சுலபம். பெரிய சேவலின் கண்ணெதிரே வளர்ந்த இளஞ்சேவலும் பெரும்பாலும் அடங்கிப்போகும். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு வளர்ந்த சேவல்களைச் சேர்ப்பதுதான் கஷ்டம். அசில் போன்ற சண்டை இனச் சேவல்களை ஒன்றாக விடவே கூடாது. அவை தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுகிற இனம் இல்லை.

படி 3: இடத்தை ஒழுங்குபடுத்துங்கள்

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு சண்டையை உற்றுப் பாருங்கள். இரண்டும் தலையைத் தாழ்த்தி, பிடரி இறகைக் குடைபோல விரித்து எதிரெதிரே நிற்கும். மூன்று நான்கு தடவை எகிறி நெஞ்சோடு நெஞ்சு மோதும். சட்டென்று ஒன்று திரும்பி ஓடும். ஜெயித்தது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, நின்று இறக்கையடித்துக் கூவும். அத்தோடு முடிந்தது. சேவல் பாஷையில் ஓடுவதுதான் சரணாகதி. ஓட வழியில்லாத மூலையில் சிக்கிய சேவலால் சரணடைய முடிவதில்லை. அது இன்னும் எதிர்த்து நிற்பதாக எண்ணி, மற்றது கொத்திக்கொண்டே இருக்கும்.

அதனால் கொட்டகைக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வெளியே 10 சதுர அடி என்ற வழக்கமான கணக்கில் வெளி இடத்தை இரட்டிப்பாக்குங்கள். 4 அடி நீளம், 2 அடி உயரத்தில் பலகைகளை நடுவெளியில் நிறுத்துங்கள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். எத்தனை சேவலோ, அதைவிட ஒரு பலகை கூடுதலாக இருக்கட்டும். வேலி மூலைகளில் குறுக்கே ஒரு பலகையைச் சாய்வாக அடித்து, சிக்கிக்கொள்ளும் இடுக்கை மூடிவிடுங்கள். கொட்டகைக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசலென்றால் பெரிய சேவல் அதில் நின்றுகொண்டு மற்றதை உள்ளே விடாது. உட்காரும் கட்டைகளும் ஒரே உயரத்தில் இரண்டு வேண்டும்.

படி 4: தீனியும் தண்ணீரும்

இங்கேயும் சேவல் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதல். ஒரு தட்டில் நின்றால் இன்னொன்று கண்ணில் படாதபடி, பலகை மறைவில் வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத சேவல் அதையே மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெட்டைகள் தேவையான அளவு எடுத்துக்கொள்ளும்.

படி 5: எப்போது விலக்கிவிட வேண்டும்?

மேலே சொன்ன மாதிரி சீக்கிரம் முடிகிற மோதலில் கைவைக்காதீர்கள். பயந்துபோய் ஒன்றைப் பிடித்து நாலு நாள் அடைத்துவைத்தால், திரும்ப விடும்போது யார் பெரியவர் என்ற சண்டை முதலிலிருந்து தொடங்கும். ஓடிய பிறகும் விடாமல் துரத்துவது, தோற்றது நாள் முழுக்கக் கட்டையைவிட்டு இறங்காதது, ரத்தம் தெரிவது: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் பெட்டைகளும் சேர்ந்து கொத்தும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். காயம் ஆறும்வரை கம்பிவலைக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் கண்ணெதிரே வையுங்கள். முகம் மறக்காது.

படி 6: கால் முள்

இருட்டியதும் சேவலைத் துண்டில் சுற்றிப் பிடித்து, முள்ளின் கூர் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. ரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துங்கள்.

படி 7: வாரம் ஒரு ராத்திரி, தினம் ஒரு விடியல்

வாரத்தில் ஓர் இரவு சேவல்களைத் தூக்கிப் பாருங்கள். கழுத்தடியில் தின்ற இரை தங்கும் தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்து, நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் பட்டால், அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். தட்டுகளை இன்னும் தள்ளி வையுங்கள். விடியலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை அந்தஸ்து வரிசையில் தொடரும். முதல் குரல் ஒருநாள் மாறினால், அன்றைக்குக் கூட்டத்தின்மேல் கூடுதலாக ஒரு கண் இருக்கட்டும்.

புதுச் சேவலைச் சேர்ப்பதென்றால்

முதலில் 30 நாள் தூரத்தில் தனியாக வைத்து நோயில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு இரண்டு வாரம் கம்பிவலைக்கு அப்பால். சேர்க்கிற அன்று பலகைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, பகலில் திறந்தவெளியில், நீங்கள் கூடவே இருக்கும்போது விடுங்கள். ராத்திரி கட்டையில் கொண்டுபோய் உட்காரவைப்பது பலர் செய்கிற வேலை. விடிந்ததும் பூட்டிய கொட்டகைக்குள் ஓட வழியில்லாமல் மோதிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால், சேவல்களை மட்டும் ஒரே நாளில் வேறு அடைப்புக்கு மாற்றுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும். போட்டிக்குப் பெட்டை இல்லாதபோது பெரும்பாலான சேவல்கள் சில நாளில் ஒன்றாக மேயத் தொடங்கும். ஒன்றைப் பெட்டைகளிடம் அனுப்பிவிட்டுத் திரும்ப அங்கே கொண்டுவந்து விடாதீர்கள். மற்றவை அதைப் புதுச் சேவலாகவே நடத்தும்.