பள்ளிக்கும் ஊருக்கும் ஒரே நூலகம்: தரநிலை எழுதுவது எப்படி?

பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்வது புதிய யோசனை அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் 1970களிலிருந்தே இது நடந்துவருகிறது. அதற்குத் தரநிலை, அதாவது நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு, எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் புத்தக எண்ணிக்கையில் தொடங்குகிறார்கள். நீங்கள் வாசலில் தொடங்குங்கள்.

படி 1: ஒரு பகல் முழுவதும் அங்கே இருந்து பாருங்கள்.
காலை பதினொரு மணி. செய்தித்தாள் படிக்க ஒரு முதியவர் வருகிறார். பள்ளி வளாகத்தைக் கடந்துதான் உள்ளே வர வேண்டுமா? அதே நேரத்தில் ஒரு வகுப்பே வரிசையாக நுழைந்தால் அவர் எங்கே உட்காருவார்? எந்தக் கழிப்பறைக்குப் போவார்? உங்கள் முதல் மூன்று விதிகள் இங்கேயே கிடைத்துவிடும்: தெருவிலிருந்து நேர்வாசல், வகுப்பு நேரத்திலும் பொதுமக்களுக்கென்று இருக்கைகள், மாணவர்களுக்குத் தனிக் கழிப்பறை.

படி 2: இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.
யுனெஸ்கோவும் இஃப்லா எனப்படும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் சேர்ந்து பொது நூலகத்துக்கு 1994இலும் (2022இல் திருத்தப்பட்டது) பள்ளி நூலகத்துக்கு 1999இலும் அறிக்கைகள் வெளியிட்டன. முன்னது எல்லா வயதினருக்கும் பேசுகிறது. பின்னது கல்வியை மையமாக வைக்கிறது. இரண்டும் உரசும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்காகப் போட்ட இணைய வடிகட்டி பெரியவர்களையும் தடுக்கலாமா என்பது ஓர் உதாரணம்.

படி 3: அளக்கக்கூடிய வாக்கியம் எழுதுங்கள்.
'நூலகம் போதுமான நேரம் திறந்திருக்கும்' என்பதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. இப்படி மாற்றிப் பாருங்கள்: 'பள்ளி விடுமுறையிலும் வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் திறந்திருக்கும், அதில் இரண்டு மாலைகள் அடங்கும்.' 30 என்பது என் உதாரணம்தான். யார், எப்போது வருகிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணிவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'கட்டாயம்' அல்லது 'விரும்பத்தக்கது' என்று எழுதிவிடுங்கள்.

படி 4: யாருடையது எது?
பள்ளி, உள்ளாட்சி என இரண்டு நிர்வாகங்கள் இருக்கும். நூலகருக்கு மேலதிகாரி ஒருவர்தான் இருக்க வேண்டும். இருவர் இருந்தால் விடுப்பு விண்ணப்பம்கூட இரண்டு மேசைகளுக்கு அலையும். சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை யார் எவ்வளவு ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுங்கள். கல்யாணப் பேச்சில் மணமுறிவைப் பற்றிப் பேசுவதுபோல் கூசும், ஆனாலும் எழுதுங்கள். ஒவ்வொரு நூலும் யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்பதற்குச் வாங்கும் நூல்களைப் பதியும் ஏட்டில் ஒரு கட்டம் ஒதுக்கினால், பிற்பாடு அலமாரி முன்னால் நின்று வாதாட வேண்டியிருக்காது.

படி 5: நூல் கடன் பதிவுகளைப் பூட்டுங்கள்.
நூற்பட்டியல் பள்ளிக்கும் ஊருக்கும் பொது. ஆனால் ஒரு மாணவரின் தாய் என்ன படிக்கிறார் என்பது ஆசிரியர்களின் திரையில் தெரியக் கூடாது.

படி 6: வரைவைச் சோதியுங்கள்.
குழுவில் இல்லாத இருவரிடம் தனித்தனியாக வரைவைக் கொடுத்து, அதே நூலகத்துக்கு 'நிறைவு', 'குறை' என்று விதிவாரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரின் விடையும் மாறுபடும் விதிகளை மட்டும் திரும்ப எழுதுங்கள்.