தேடலில் கடையைத் தொலைக்கும் வழிகள்

போன வாரம் எங்கள் ஊர் ஒட்டுக்கடையில், யூனிசெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த தம்பி ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். கறித்தூள் வியாபாரம் செய்யும் தம் அத்தைக்குப் புது இணையத்தளம் கட்டியிருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. பழைய தளம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சுத்தமாக அழித்துவிட்டேன் அண்ணே" என்றார் பெருமையாக. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பெருமையோடுதான் இதைச் சொன்னேன்.

படத்தின் அளவைக் குறையுங்கள், கைப்பேசியில் திறந்து பாருங்கள் என்பதையெல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, கூகுள் தேடலில் கடையைக் காணாமல் போக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பழைய முகவரிகளை அழிப்பது

மணவறை அலங்காரம் செய்யும் ஓர் அண்ணனுக்குத் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். பழைய தளம் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, கண் கூசும். ஆனால் மணவறை வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று ரவாங்கிலிருந்து தேடுகிறவருக்குக்கூட அதுதான் முதலில் வந்து நிற்கும். புகைப்படக்காரர்களும் மண்டபக்காரர்களும் அதன் பக்கங்களுக்குப் பல ஆண்டுகளாக இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் புதிதாகக் கட்டினேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முகவரி வைத்தேன், பழையதை வழித்து எறிந்தேன்.

மூன்றாம் வாரம் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, தை மாதம் வருகிறது. போன் அடிக்கவே இல்லையே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நடந்தது இதுதான். எங்கள் ஊருக்கு முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பலகை மாறியது, பெரியவர்களின் வாய் மாறவில்லை. பழைய பெயரில் எழுதிய கடிதமும் வீடு வந்து சேர்கிறது என்றால், இரண்டும் ஒரே ஊர் என்று தபால்காரருக்குத் தெரியும். கூகுளுக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய முகவரியைத் தட்டும், 404, அதாவது அப்படியொரு பக்கம் இல்லை என்று பதில் வரும், சில முறை வந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மற்றவர்கள் கொடுத்த இணைப்புகளின் பலனும் அதோடு போகும். புதுப் பக்கம், நேற்றுத் திறந்த கடையைப்போல வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

சொல்லும் வழிக்கு 301 என்று பெயர். இந்தப் பக்கம் நிரந்தரமாக அங்கே போய்விட்டது என்று பொருள். 302 தற்காலிக மாற்றத்துக்கானது. வீடு மாறியவன் அதைப் போடக் கூடாது.

விஷயம் புரிந்ததும் பதற்றத்தில் இன்னொரு தவறு செய்தேன். பழைய முகவரிகள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டேன். லயத்தில் யாரைத் தேடி வந்தாலும் ஆபீசுக்குப் போ என்று கிராணி கைகாட்டுவதுபோல. மணவறை வாடகை விவரம் கேட்டு வந்தவரை வரவேற்புப் படத்தின் முன் நிறுத்தினால் கூகுள் அதையும் 404 கணக்கிலேயே சேர்க்கக்கூடும். பிறகு இரண்டு இரவு உட்கார்ந்து 41 முகவரிகளை ஒவ்வொன்றாக அதனதன் புதுப் பக்கத்தோடு இணைத்தேன். பழைய பட்டியல் கையில் இல்லையென்றால் தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலிலும், தளம் இருக்கும் கணினியான வழங்கியின் பதிவேட்டிலும், பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் தேடி எடுக்கலாம். ஈடான புதுப் பக்கமே இல்லாத பழைய பக்கம் 404 ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும். இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நான் எடுப்பதே இல்லை.

வைகாசியில்தான் அழைப்புகள் பழையபடி வந்தன. தை வருமானம் போனது போனதுதான். கூலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அண்ணன் வாங்கவில்லை. தளம் கட்டித் தருகிறவர்களின் விலைப்பட்டியலை இன்றும் பார்க்கிறேன்: சின்னத்துக்கு ஒரு வரி, ஓடும் படங்களுக்கு ஒரு வரி. 301க்கு வரியே இல்லை. எரிச்சலாக வருகிறது.

எழுத்தைப் படமாக்குவது

தீபாவளி விலைப்பட்டியல், கடை முகவரி, திறக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே சுவரொட்டியாக வடிவமைத்து ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க அழகு. தேடுபொறிக்கு உறுதியாக எட்டுவது பக்கத்தில் எழுத்தாக இருப்பதுதான். படம் இருக்கட்டும், அதே விவரத்தைக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள்.

நான் அச்சகத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். அச்சுக்குப் பயன்படுத்திய பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே தளத்தில் ஒட்டினேன். என் கணினியில் தூய தமிழ். கூகுளின் கண்ணுக்கோ பொருளில்லாத ரோமன் எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றாத தமிழ், தேடலில் தமிழே அல்ல.

ஊர்ப் பெயரில் கஞ்சத்தனம், ஊர்ப் பெயரில் ஊதாரித்தனம்

பெஸ்தாரி ஜெயா என்று மட்டும் எழுதினால் பத்தாங் பெர்ஜுந்தை என்று தேடும் பாட்டியின் பேரன் உங்களைக் காணாமல் போகலாம். பழைய பெயரையும் ஒரு வாக்கியத்தில் வையுங்கள். அதற்காகப் பக்கத்தின் அடியில் கிள்ளான், ரவாங், கோல சிலாங்கூர், காப்பார் என்று இருபது ஊரைக் கொட்ட வேண்டாம். ஊர்ப் பெயர்களை அடுக்குவதைக் கூகுள் தன் விதிகளில் சொல் திணிப்புக்கு எடுத்துக்காட்டாகவே காட்டியிருக்கிறது.

கீவேர்ட்ஸ் குறிச்சொல்

பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை எழுதி வைக்கும் இடம் இது. தரவரிசைக்கு இதைப் பார்ப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

காசு கொடுத்து இணைப்பு

வாங்காதீர்கள். 2012 ஏப்ரலில் இப்படிப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்துக் கூகுளின் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது வாங்கியவர்கள் பட்டார்கள்.

வேர்ட்பிரஸின் அந்தச் சிறு கட்டம்

தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டம். கட்டும்போது குறியிடுவார்கள், திறக்கும் நாளில் எடுக்க மறப்பார்கள்.

அந்தத் தம்பியின் தளத்தில் இதுவும் குறியிட்டபடியே இருந்தது. அதை அங்கேயே எடுத்தோம். அத்தையின் பழைய பக்கங்களில் 27 முகவரிகள் வேபேக் மெஷினில் கிடைத்திருக்கின்றன. நேற்றிரவு ஒட்டுக்கடை மூடுவதற்குள் 18 முடிந்தது. மீன் கறித்தூள் பக்கத்தை அவர் முகப்புக்குத் திருப்பப் பார்த்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.