மனசு படபடக்கும்போது கேட்க ஒரு கேள்வி

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் காலையில் நடப்பவர்களுக்குத் தெரியும், மூடுபனி கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி நிற்கும், கையை நீட்டினால் விரலில் ஈரம்தான் மிஞ்சும். மனசும் அப்படித்தான். பழைய சண்டை ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்தால் அதை அடக்கப் பார்க்காதீர்கள்; 'இந்த நினைப்பு யாருக்கு வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். 'எனக்கு' என்று பதில் வரும். சரி, அந்த நான் யார்? இங்கே வாயால் பதில் சொல்லாமல், அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று உள்ளே திரும்பிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேடத் தேட ஆள் அகப்படுவதில்லை, நினைப்பும் பிடி தளர்ந்துவிடும். திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய வழி இது. மந்திரம் போல உருப்போட மட்டும் வேண்டாம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ் வளையும்போதுகூடச் செய்யலாம், கண்ணை மூட வேண்டியதில்லை.